கார் விபத்தில் உயிர் போனால்: குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கும் கணக்கும்

விபத்தில் அடிபட்டவரை 108-லோ வழியில் வந்த காரிலோ கொண்டுவந்து மருத்துவமனையில் இறக்கியதும், பணியில் இருக்கும் டாக்டர் ஒரு பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். யார் கூட்டி வந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடம், எப்படி அடிபட்டது. இந்தப் பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொன்னால் அப்படியே எழுதப்பட்டுவிடும். பின்னால் வந்த கார் இடித்துத்தான் விழுந்தார் என்பது அதில் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் நீதிபதியிடம் எடுத்து நீட்டும் முதல் தாள் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இழப்பீட்டு வழக்கில் பாதி முடிவு இப்படி முதல் மூன்று நாள் எழுதப்படும் தாள்களிலேயே ஆகிவிடுகிறது. எளவு வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் ஓடாது. ஆகவே மாமனோ மச்சானோ பங்காளியோ, நிதானத்தில் இருக்கும் ஒருவர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் பக்கச் சாலைகளில் ஆபத்து எங்கே

சேலத்தில் இருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவை போகும் 544-ம் எண் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. முன்னால் எதையோ பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 42 மீட்டர் போயிருக்கும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 80-ல் மோதுவதைவிட 100-ல் மோதும்போது ஒன்றரை மடங்குக்கும் மேல் அடி விழுகிறது. வேகம் கூடியது கால் பங்குதான். அடி அந்த அளவோடு நிற்பதில்லை.

லாரித் தொழில் நடக்கும் பகுதி என்பதால் இரவில் ஓரமாக நிறுத்திய லாரியின் பின்னால் கார் சொருகிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கும் சாவு. லாரியின் பின்பகுதி காரின் பானட்டுக்கு மேல் இருப்பதால் அடி நேராகக் கண்ணாடிக்கும் தலைக்கும் போகிறது; ஏர்பேக் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் போன்ற இருவழிச் சாலைகளில் முந்தும்போது நேருக்கு நேர் மோதல். நான்குவழிச் சாலையில் மையத்தடுப்பு இருந்தும் கனரக வண்டி அதைத் தாண்டி வந்தால் கதி என்ன என்பதை 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே பார்த்தோம்: கண்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தார்கள்.

பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்காருவது நம் ஊரில் இன்னும் மாறவில்லை. மோதும்போது பின்னால் இருப்பவர் முன்சீட்டின் மேல் வந்து விழுகிறார். சில சமயம் பெல்ட் போட்டு முன்னால் இருந்தவரையும் சேர்த்துக் கொல்கிறார். பழனிக்கும் சென்னிமலைக்கும் குடும்பத்தோடு போகும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். எந்தக் கையாலும் அந்த வேகத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

முதல் மூன்று நாள்

முதலில் எஃப்.ஐ.ஆர். யார் புகார் கொடுக்கிறாரோ அவர் கண்ணால் பார்த்தவராக இருந்தால் நல்லது. வண்டி எண், எந்தத் திசையில் இருந்து எந்தத் திசைக்கு, எந்தப் பக்கத்தில் மோதியது, டிரைவர் யார் என்பது தெளிவாக வர வேண்டும். டிரைவர் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதச் சொல்லுங்கள். யூகத்தில் ஒரு பெயர் வேண்டாம். உயிரிழப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு வர வேண்டும். பழைய 304-ஏ-க்குப் பதில் 2024 ஜூலை 1 முதல் இதுதான். அடிபட்டவர் கோவைக்குக் கொண்டுபோய் இருபது நாள் ஐ.சி.யூ.வில் இருந்து இறந்தால், முதலில் காயம் என்று போட்ட பிரிவை மாற்றும்படி ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். "செக்ஷன் ஆல்டர் பண்ணியாச்சுங்களா" என்று போய்க் கேளுங்கள். கேட்கும் ஆள் இல்லாத வழக்கில் இது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "போன உசுரு போயிருச்சு, எதுக்குங்க அறுத்துப் பார்க்கணும்" என்று உடலை நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிடுவார்கள். விபத்து நடந்த அன்றே இறந்தால் போலீஸே பிரேத பரிசோதனைக்கு அனுப்பிவிடும். வாரக்கணக்கில் சிகிச்சை பெற்று, வீட்டுக்கு வந்தபின் இறந்தவர்கள் விஷயத்தில்தான் இது விட்டுப்போகிறது. பிரேத பரிசோதனைச் சான்று இல்லையென்றால், விபத்துக் காயத்தால்தான் இறந்தார், பழைய சர்க்கரை நோயாலோ மாரடைப்பாலோ இல்லை என்று காட்டக் குடும்பம் படாத பாடு பட வேண்டும். வழக்கு தோற்காவிட்டாலும் சாவுக்கான தொகை போய்க் காயத்துக்கான தொகையாகச் சுருங்கிவிடலாம். கடினமான முடிவுதான். ஆனாலும் இறந்தவுடன் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து கேமரா. நம் ஊர்களில் பைபாஸ் ஓரம் பேக்கரியும் பெட்ரோல் பங்கும் இல்லாத இடம் குறைவு, அங்கெல்லாம் கேமரா இருக்கிறது. வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் சுங்கச்சாவடிகளிலும் இருக்கிறது. பதிவுகள் தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். எத்தனை நாள் என்பது கடைக்குக் கடை மாறும். எனவே அன்றோ மறுநாளோ விசாரணை அதிகாரியிடம் கடையின் பெயர், நேரம் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை, "அண்ணா, அந்த ரெக்கார்டிங்க அழிக்காம வச்சிருங்க" என்று.

பிறகு சேர்க்க வேண்டிய தாள்கள்: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகசர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது), ரஃப் ஸ்கெட்ச், இரண்டு வண்டிக்கும் எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், பிரேத விசாரணை அறிக்கை, பிரேத பரிசோதனைச் சான்று, குற்றப்பத்திரிகை. ரஃப் ஸ்கெட்சைக் கட்டாயம் பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் கிடந்தது, சாலையின் நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் யார் மீது தவறு என்று நீதிமன்றம் பார்க்கும். புகார் கொடுக்கத் தாமதமானது மட்டுமே வழக்கைக் கெடுக்காது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; சிகிச்சைக்கு ஓடிக்கொண்டிருந்தோம் என்பது நியாயமான காரணம்.

2022 ஏப்ரல் 1 முதல் போலீசுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கையை 50 நாளிலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அது போயிற்றா என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

எந்த வழியில் கேட்பது

மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு மூன்று கதவு இருக்கிறது. எதிர் வண்டி டிரைவரின் கவனக்குறைவை நிரூபித்து முழு இழப்பையும் கேட்பது 166-ம் பிரிவு. கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்று எண் விழும் வழக்கு இதுதான். தவறு யாருடையது என்ற பேச்சே இல்லாமல் 5 லட்ச ரூபாய் வாங்கிக்கொள்வது 164-ம் பிரிவு. இதை வாங்கினால் 166 கிடையாது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் 161-ம் பிரிவில் 2 லட்சம். இதற்குக் கோர்ட் வேண்டாம், கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பித்தால் அவர் விசாரித்து அனுப்ப, கலெக்டர் உத்தரவு போடுவார். பிறகு வண்டி கிடைத்து 166-ல் பணம் வந்தால் இந்த 2 லட்சத்தைக் கழித்துக்கொள்வார்கள். விவரம் தெரியாமலே பல வீடுகள் இதைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

வழக்கை விபத்து நடந்த ஊரிலேயே போட வேண்டும் என்றில்லை. கிருஷ்ணகிரியில் விபத்து, குடும்பம் கோபிசெட்டிபாளையத்தில் என்றால் ஈரோடு மாவட்டத்திலேயே போடலாம். எதிர் மனுதாரர் இருக்கும் ஊரிலும் போடலாம்.

காருக்குள் யார் எங்கே இருந்தார் என்பதைப் பொறுத்து விஷயம் மாறும். எதிரே வந்த வண்டியின் தவறு என்றால் அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். நாம் போன காரின் டிரைவர் தவறு, அவர் சொந்த மச்சான் என்றால் குடும்பம் வழக்குப் போடத் தயங்கும். "மாப்ள மேல எப்படிங்க கேஸ் போடறது?" பணம் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி, மச்சான் பெயர் வழக்கில் ஒரு தரப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காருக்கு வெறும் ஆக்ட் பாலிசி, அதாவது தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், உள்ளே பயணித்தவர்களுக்கு அது செல்லாது; முழு பாலிசி இருக்க வேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்தவருக்கும் இதே கதைதான். பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க ஆக்ட் பாலிசி எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

காரின் உரிமையாளரே ஓட்டி, தவறும் அவருடையதே என்றால் 166-ல் கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் கையை விரிக்க வேண்டாம். பாலிசியில் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளரிடம் செல்லும் லைசென்ஸ் இருந்தால் அந்தத் தொகையை நாமினிக்குக் கம்பெனி தர வேண்டும். இரவல் கார் ஓட்டி இறந்தவரை உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே சட்டம் பார்க்கிறது. அவர் குடும்பத்துக்கு வழி மிகக் குறுகல்.

எதிர் வண்டி டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி கைகழுவப் பார்க்கும். 2004-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, கம்பெனி முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடுவது வழக்கமாகிவிட்டது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. கிடாவெட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஈச்சர், டாட்டா ஏஸ் போன்ற சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிப் போகிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அப்போது மிஞ்சுவது வண்டி உரிமையாளர் ஒருவர்தான்; ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் அவரிடம் தீர்ப்பு வாங்கியும் பணம் வாங்குவது சிரமம். மில் வேனில் வேலைக்குப் போகும்போது இறந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. சார்ந்தோர் பென்ஷனும் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் தொழிலாளர் இழப்பீடாகக் கேட்பதா, மோட்டார் வாகனச் சட்டத்தில் கேட்பதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கையெழுத்துப் போடும் முன் இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொகை எப்படி வருகிறது

குத்துமதிப்பாக நீதிபதி ஒரு தொகை சொல்வதில்லை. 2009-ல் சர்லா வர்மா, 2017-ல் பிரணய் சேத்தி என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கணக்கை வகுத்திருக்கின்றன. ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 36, மாதம் 20,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. 40 வயதுக்குக் கீழ், நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: 28,000. நிரந்தர வேலை என்றால் 50 சதவீதம் சேர்ந்திருக்கும். அவரை நம்பி நான்கு பேர் இருந்தார்கள், எனவே அவருடைய சொந்தச் செலவென்று நான்கில் ஒரு பங்கு கழியும்: 21,000. நம்பியிருந்தவர்கள் இரண்டு, மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று கழியும். கல்யாணம் ஆகாதவர் என்றால் பாதி. ஆண்டுக்கு 2,52,000. இதை வயதுக்குரிய பெருக்கியால் பெருக்க வேண்டும். 36 முதல் 40 வரை 15. ஆக 37,80,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குத் துணையிழப்பு (அவருடைய அன்பையும் துணையையும் இழந்ததற்கு) தலைக்கு 48,400, அதாவது 1,93,600. ஈமச்செலவு 18,150, சொத்திழப்பு (இருந்திருந்தால் அவர் சேர்த்திருக்கும் சொத்துக்கு) 18,150. மொத்தம் 40,09,900. கடைசியில் வந்த மூன்று தொகைகளும் 2017-ல் 40,000, 15,000, 15,000 ஆக இருந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருப்பதால் 2023-ல் இந்த அளவுக்கு வந்தன.

பெருக்கி 25 வயது வரை 18, பிறகு ஐந்தைந்து வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்து 46–50-ல் 13, 51–55-ல் 11, 56–60-ல் 9, 61–65-ல் 7, அதற்கு மேல் 5. கல்யாணமாகாத மகன் இறந்தாலும் மகனின் வயதைத்தான் பார்க்க வேண்டும், பெற்றோரின் வயதை அல்ல. கம்பெனி தரப்பு பெற்றோர் வயதைச் சொல்லிக் குறைக்கப் பார்த்தால் விடாதீர்கள்.

இப்போது அதே மாஸ்டருக்கு வருமானச் சான்று இல்லை, நீதிமன்றம் மாதம் 12,000 என்று எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். 37,80,000 இருந்த இடத்தில் 22,68,000. பதினைந்து லட்சம் போயிற்று. பீஸ் ரேட்டில் சனிக்கிழமை தோறும் கையில் சம்பளம் வாங்கும் ஊரில் இதுதான் எல்லா வழக்கிலும் இடிக்கும் இடம். சம்பளக் கவர், கம்பெனி நோட்டு, ஜிபே வரவு, பேங்க் பாஸ்புக், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண், வண்டிக் கடன் தவணை கட்டிய விவரம், எல்லாம் உதவும். வெறும் சம்பளச் சான்றிதழைத் தாக்கல் செய்தால் போதாது. அதைக் கொடுத்த முதலாளியோ கணக்கரோ சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். வருவேன் என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

தோட்டம் வைத்திருக்கும் விவசாயி என்றால் கணக்கு வேறு. மஞ்சளும் தென்னையும் அவர் போனபிறகும் இருக்கின்றன, நிலம் வாரிசுக்குத்தான் வருகிறது. எனவே மொத்த விளைச்சல் வருமானத்தையும் தரமாட்டார்கள். அவர் உழைப்புக்கும் மேற்பார்வைக்கும் என்ன மதிப்போ அது. இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள யாருக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறோம் என்பதைக் காட்டினால் அந்த மதிப்பு தெரியும். மாட்டுப் பால் சொசைட்டி அட்டை இருந்தால் அதையும் வையுங்கள்.

வீட்டில் இருக்கும் பெண் இறந்தால் "வருமானம் இல்லீங்களே" என்று குடும்பமே சொல்வதைக் கேட்கையில் மனசு வலிக்கும். சமையல், பிள்ளை வளர்ப்பு, ஆடு மாடு பார்ப்பது எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு எதிர்கால வளர்ச்சியும் சேர்க்க வேண்டும் என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இறந்தவர் மீதும் பங்குத் தவறு என்று தீர்ப்பானால் அந்தச் சதவீதம் கழியும். மேலே உள்ள கணக்கில் 25 சதவீதம் என்றால் பத்து லட்சத்துக்கு மேல். மூன்று பேர் பைக்கில் போனார்கள் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கழிக்க முடியாது. அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு இருக்கிறது. கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதோடு முடியாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும்.

பேச்சுவார்த்தையும் புரோக்கரும்

"காரியத்துக்கு ஒரு லட்சம் வச்சுக்கங்க, கேஸ் வேண்டாம்" என்று வண்டிக்காரர் தரப்பில் ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வருவார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, இறந்தவர் தானே வந்து மோதினார் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டால், போலீஸ் வழக்கை ஆக்‌ஷன் டிராப், அதாவது மேல் நடவடிக்கை இல்லை என்று முடித்துவிடும். 40 லட்சம் வரவேண்டிய இடத்தில் ஒரு லட்சத்தோடு கதை முடிகிறது. அதேபோல் லைசென்ஸ் உள்ள வேறொருவரை டிரைவராகக் காட்டுவதும், இன்சூரன்ஸ் இருக்கும் வேறு வண்டியைக் காட்டுவதும். "உங்க நல்லதுக்குத்தானுங்க" என்பார்கள். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் மனு தள்ளுபடி, மேலே மோசடி வழக்கு.

பிணவறை வாசலிலேயே கையெழுத்து கேட்டு வருபவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்று வக்காலத்தில் சுத்தமாக வேண்டாம். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

கெடுவும் அதன் பிறகும்

விபத்து நடந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த விதி. இது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது, ஆகவே கெடு தாண்டிவிட்டது என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாமல் வக்கீலிடம் கேளுங்கள். இருந்தும், கருமாதி முடிந்த மாதத்திலேயே தொடங்குவதுதான் பாதுகாப்பு. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வருவதற்கே நாள் பிடிக்கும். இறந்தவர் பேங்க் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் 2 லட்சம் உண்டு. பாஸ்புக்கை வரிவரியாகப் பாருங்கள். இது இழப்பீட்டு வழக்கைப் பாதிக்காது.

மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மனுவும், மாமனார் மாமியார் இன்னொரு மனுவும் போடுவது நடக்கிறது. இரண்டையும் சேர்த்து விசாரிக்கும் வரை கம்பெனிக்குத்தான் லாபம். எல்லோரும் ஒரே மனுவில் சேருங்கள். யாருக்கு எவ்வளவு என்று நீதிபதி பிரித்துக் கொடுப்பார். கூடவே வாழ்ந்து, இறந்தவரை நம்பியிருந்த மனைவியின் அம்மாவுக்கும் உரிமை உண்டென்று 2021-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. போகும் முன் மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துப் போங்கள். தீர்ப்புத் தொகை குறைவென்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் குடும்பங்களுக்குச் சென்னை. கரூருக்கும் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்கும் மதுரைக் கிளை.

பணம் மனுத் தேதியில் இருந்து வட்டியோடு கோர்ட்டில் டெபாசிட் ஆகும். பெரியவர்களின் பங்கு அவரவர் பேங்க் கணக்குக்கு வரும். பேர், இனிஷியல் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே சரிபார்த்து வையுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் நிற்கும். பிள்ளைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை வங்கியில் வைப்பு நிதியாகக் கிடக்கும். படிப்புச் செலவுக்கு வட்டி வேண்டுமென்றால் அம்மா தனியாக ஒரு மனுப் போட வேண்டும், பள்ளிக் கட்டண ரசீதை வைத்து. 18 முடிந்ததும் பிறப்புச் சான்றோடு பிள்ளையே மனுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த எம்.சி.ஓ.பி. எண்ணும் டெபாசிட் ரசீதின் நகலும் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும்.